100 பக்கம், நான்கு மெஷின், ஒரு ஸ்டாப்வாட்ச்: பழைய டெஸ்க்டாப்புக்கு மாற்று தேடிய கதை

நேற்று ராத்திரி சாப்பிட உட்காரும் முன் பழைய இதழ்களின் பதினேழாவது தொகுதியைக் கணினியில் எழுத்தாக மாற்ற ஓட விட்டேன், கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் முடிந்திருந்தது. 612 பக்கம், 38 நிமிடம். மே மாதம் இதே வேலைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் மெஷின் அணையாமல் இருந்தால். இடையில் நான் செய்த சோதனைகள், தப்பாகப் போன இடங்கள், செலவு எல்லாவற்றையும் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்த எண்களுக்கு அர்த்தமில்லை. என் தாத்தா பைண்டு செய்து வைத்துவிட்டுப் போன பழைய வார, மாத இதழ்கள் வீட்டில் 42 தொகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 600 பக்கம். ஓரங்கள் செல்லரிக்க ஆரம்பித்ததால் அவற்றை ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்கிறேன். அப்புறம் ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, சாய்வு நீக்கி, ஓரம் வெட்டி, கடைசியில் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்துத் தேடக்கூடிய தமிழ் எழுத்தாக மாற்றுகிறேன். தமிழுக்கு அதில் 'ஃபாஸ்ட்', 'பெஸ்ட்' என்ற வகை மாடல்கள் கிடைக்கும். பழைய ஈய அச்சு எழுத்துக்கு எனக்கு பெஸ்ட்தான் ஒத்துவருகிறது, ஆனால் அது நிதானமாகத்தான் ஓடும்.

மெஷின் 2013ல் கும்பகோணத்திலேயே அசெம்பிள் செய்து வாங்கியது. ஐ5-3470 ப்ராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம், நடுவில் ஒரு எஸ்எஸ்டி சேர்த்தேன். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறேன். மே மாதக் கடைசியில் ஒன்பதாவது தொகுதி ஓடிக்கொண்டிருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு அதுவாக அணைந்துபோனது. மறுநாளும் அப்படியே. பன்னிரண்டு வருட மெஷின், ஆயுள் முடிந்தது என்று முடிவு கட்டி மாற்றுத் தேட ஆரம்பித்தேன். இதுதான் முதல் தப்பு, அது ஏன் தப்பு என்று பின்னால் வருகிறது.

இரண்டு நாள் மாலைகளை பெஞ்ச்மார்க் எனப்படும் வேக ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்ப்பதில் செலவழித்தேன். ரைசன் 5 5600ஜி ப்ராசசர் என் மெஷினைவிட நான்கு மடங்கு, ஐ5-12400 அதற்கும் மேல் என்றெல்லாம் போட்டிருந்தது. என் பக்கங்களுக்கு அது எத்தனை நிமிடம் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. சரி, நாமே ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சோதனைப் பொதி தயார் செய்தேன். ஒரே தொகுதியிலிருந்து 100 பக்கம்: நெருக்கமான இரண்டு பத்திக் கட்டுரைகள் 70, விளம்பரமும் படமும் கலந்த பக்கங்கள் 20, மங்கிய பக்கங்கள் 10. இதையும் உபுண்டுவையும் டெசராக்டையும் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே பூட் ஆகும்படி செய்தேன். யாருடைய மெஷினிலும் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், செருகி, ஓட்டி, நேரம் குறித்துக்கொண்டு வந்துவிடலாம்.

பென்டிரைவில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே மெஷினில் மூன்று முறை ஓட்டினால் மூன்று விதமாக நேரம் வந்தது, 40 விநாடி வரை வித்தியாசம். பென்டிரைவ் சூடாகிப் படிக்கும் வேகம் குறைகிறது என்று புரிந்ததும், ஓட்டும் முன் 100 பக்கங்களையும் ராமில் இருக்கும் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு, அங்கிருந்து ஓட்டினேன். அப்புறம் வித்தியாசம் 4 விநாடிக்குள் அடங்கியது. ஒவ்வொரு மெஷினிலும் மூன்று ஓட்டம், நடுவில் இருக்கும் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டு மெஷின்: 31 நிமிடம்.

முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகனிடம் ரைசன் 5 5600ஜி இருக்கிறது, 8 ஜிபி ராம் இரண்டு. 100 பக்கத்துக்கு 11 நிமிடம் 40 விநாடி. அடுத்து டிடிபி ஆபீஸ் வைத்திருக்கும் நண்பரிடம் ஐ5-12400, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக. 10 நிமிடம் 20 விநாடி. இரண்டும் ஆறு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை). நல்ல முன்னேற்றம்தான், ஆனால் நான்கு மடங்குக்கு மேல் எதிர்பார்த்துப் போன எனக்கு மூன்று மடங்குக்கு மேல் இல்லையே என்று இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அக்கா மகன்தான். இரண்டாவது முறை அவன் வீட்டில் ஓட்டும்போது சிஸ்டம் மானிட்டரைத் திறந்து வைத்திருந்தான். "மாமா, பன்னண்டுல நாலு கோடுதான் ஆடுது, மத்ததெல்லாம் சும்மா கெடக்கு பாருங்க" என்றான். உண்மைதான். டெசராக்ட் வழக்கமாக ஒரு பக்கத்தை நான்கு த்ரெட்டுக்குப் பங்கு போடும், அதற்கு மேல் போகாது. அந்த நான்கும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதிலேயே கணிசமான நேரத்தை வீணாக்குகின்றன. ஆறு கோர் இருந்தாலும் பதினாறு இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். நான் இத்தனை நாள் மெஷின்களை ஒப்பிடவில்லை, ஒரு தவறான அமைப்பை வெவ்வேறு மெஷின்களில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே தெரிந்த ஒன்று. ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியை (மென்பொருள் ஓடும்போது படித்துக்கொள்ளும் ஒரு அமைப்பு) 1 என்று வைத்துவிட வேண்டும். அப்போது ஒரு டெசராக்ட் ஒரு த்ரெட்டோடு நிற்கும். அதற்குப் பதில் எத்தனை த்ரெட் இருக்கிறதோ அத்தனை டெசராக்டை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாகக் கொடுத்து ஓட்ட வேண்டும். பல வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையில் எத்தனை வேலை ஒரே சமயத்தில் என்று சொல்லிவிட்டால் போதும், ஒரே வரிதான். அக்கா மகனின் மெஷினில் பன்னிரண்டு கோடுகளும் உச்சியில் போய் நின்றன. 11 நிமிடம் 40 விநாடி எடுத்த அதே 100 பக்கம் 3 நிமிடம் 50 விநாடியில் முடிந்தது. மெஷினில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை.

மறுநாள் நண்பர் ஆபீஸில் 12400ஐ மறுபடி ஓட்டினேன். 4 நிமிடம் 5 விநாடி. வழக்கமான ஓட்டத்தில் முந்தியிருந்த மெஷின் இதில் பின்தங்கியது உறுத்தியது. ராம் ஒரே ஸ்டிக்காக இருப்பது நினைவுக்கு வந்தது. ஒற்றை ஸ்டிக் என்றால் ப்ராசசருக்கும் ராமுக்கும் நடுவே பாதை பாதிதான், டிடிஆர்4-3200க்கு விநாடிக்கு 25.6 ஜிபி, ஜோடியாகப் போட்டால் 51.2. பக்கத்து மேஜையில் இருந்த அதே மாடல் மெஷினிலிருந்து ஒரு ஸ்டிக்கைக் கழற்றி இதில் போட்டோம். 3 நிமிடம் 25 விநாடி. பன்னிரண்டு டெசராக்ட் ஒரே நேரத்தில் ராமை இழுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. நண்பர் அன்று மாலையே இரண்டு மெஷினுக்கும் ஒவ்வொரு ஸ்டிக் ஆர்டர் செய்தார். ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், அவர் ஆபீஸில் ஏசி 25ல் ஓடுகிறது, அக்கா வீட்டிலும் என் வீட்டிலும் ஜூன் மாத வெயிலில் ஃபேன்தான். அதனால் அந்த 25 விநாடி முன்னிலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது வீட்டு மெஷினையும் இதே முறையில் ஓட்ட வேண்டுமல்லவா? நான்கு கோர், நான்கு டெசராக்ட். ஆறாவது நிமிடத்தில் பொட்டென்று அணைந்தது. பவர் பட்டனை அழுத்தினால் உடனே வரவில்லை, ஐந்து நிமிடம் கழித்து வந்தது. அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குப் பொறி தட்டியது: ஆயுள் முடிந்த மெஷின் ஏன் ஆறினதும் எழுந்துகொள்கிறது? வெப்பத்தைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை ஓட விட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. வேலை கொடுத்த இரண்டாவது நிமிடத்தில் 100ஐத் தாண்டியது, நான்கு கோருக்கும் 3.4 கிகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ப்ராசசர் 2.3க்கு இறங்கியிருந்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஃபேனுக்கு அடியில், ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் அலுமினிய இதழ்களுக்கு நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது, விரலால் ஒரே தகடாக உரித்து எடுக்க முடிந்தது. அதைவிட முக்கியம், ஹீட்சிங்க்கை மதர்போர்டில் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் கீழ் வலது ஊசி வெளியே வந்து நின்றது. கையால் ஹீட்சிங்க்கை அசைத்தால் அந்த மூலை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கி இறங்கியது. அடியில், சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொடிப்பொடியாக வந்தது. எத்தனை வருடமாக இப்படி இருந்தது என்று தெரியவில்லை. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேஸ்ட்டை ஒரு மிளகு அளவு நடுவில் வைத்து, மதர்போர்டை வெளியே எடுத்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தபடி நான்கு ஊசியும் 'டிக்' என்று விழும்வரை அழுத்தினேன். வெளியே எடுக்காமல் மேலிருந்து மட்டும் அழுத்தினால் ஊசி பாதி இறங்கி உட்கார்ந்ததுபோல் ஏமாற்றிவிடும், முதல் முயற்சியில் எனக்கு அப்படித்தான் ஆனது. செலவு: பேஸ்ட் 180 ரூபாய், ஆல்கஹால் 120 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அப்புறம் ஓட்டினால் வெப்பம் 71க்கு மேல் ஏறவில்லை. பழைய முறையில் 31 நிமிடம் 24 ஆனது. புதிய முறையில் 14 நிமிடம் 10 விநாடி. 300 ரூபாயில், தூக்கிப் போட நினைத்த மெஷின் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகிவிட்டது. அணைவதும் நின்றது.

இங்கே ஒரு வாரம் யோசித்தேன். இனி மாற்று வேண்டுமா? எழுத்துணரி வேலை ராத்திரி நான் தூங்கும்போது ஓடுகிறது. ஒரு தொகுதிக்கு இந்த மெஷினில் 85 நிமிடம், 5600ஜியில் 23 நிமிடம், 12400ல் 21 நிமிடம். தூங்குகிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான், காலையில் எழுந்தால் முடிந்திருக்கும். அப்படியென்றால் நான் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம் எங்கே போகிறது?

ஸ்கேன் டெய்லரில். பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்துச் சரி செய்யும் வேலை அது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போக ஒவ்வொரு முறையும் சின்னக் காத்திருப்பு. அதை ஸ்டாப்வாட்ச்சால் அளக்க முடியாது, கை பதற்றமே அரை விநாடி. மொபைலை ஸ்டாண்டில் வைத்து, கீபோர்டும் திரையும் சேர்ந்து தெரியும்படி விநாடிக்கு 60 ஃபிரேமில் வீடியோ எடுத்து, விரல் கீயை அழுத்தும் ஃபிரேமிலிருந்து புதுப் பக்கம் முழுசாகத் தெரியும் ஃபிரேம் வரை எண்ணினேன். இருபது பக்கத்துக்கு சராசரி: பழைய மெஷின் 2.9 விநாடி, 5600ஜி 0.9, 12400 0.8. பக்கம் திருப்பும்போது ஒரு கோர்தான் எகிறுகிறது, மற்ற கோர்கள் எத்தனை இருந்தாலும் இங்கே பயனில்லை. ராம் கூட்டலாமா என்றும் பார்த்தேன், எச்61ல் 16 ஜிபி வரைதான் போடலாம், அதற்கும் இந்த 2.9க்கும் சம்பந்தமில்லை, திருப்பும்போது 8 ஜிபியில் பாதிகூட நிரம்பவில்லை.

அக்கா மகன் சொன்ன பட்டியலில் 5600ஜி மெஷின் ஒன்றுக்குக் கடையில் விலை கேட்டபோது, மானிட்டர் இல்லாமல் 30,800 ரூபாய் சொன்னார்கள். 12400க்கு 34,000க்கு மேல். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகும் நேரத்தில், ஆபீஸ்களிலிருந்து திரும்பி வரும் ரீஃபர்பிஷ்டு மெஷின்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திருச்சி போனேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது ஏழாம் ஜென் (தலைமுறை) ஐ5, 9,500 ரூபாய். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவதாக இருந்தது, விண்டோஸ் 11ன் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் ஜென்னிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் ஆறு, ஏழாம் ஜென் மெஷின்கள் அந்தக் கடையில் அடுக்கடுக்காகக் கிடந்தன. நான் உபுண்டுக்காரன், எனக்கு அது தடையில்லை. ஆனால் ஏழாம் ஜென் ஐ5ல் நான்கு கோர்தான், எட்டாவதில் ஆறு. அதனால் ஐ5-8500 இருக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கேட்டேன். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு வருட வாரண்டியோடு 16,500 ரூபாய்.

பென்டிரைவைக் காட்டி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதும், "தாராளமா பாருங்க சார், மதியம் கூட்டம் இருக்காது" என்று ஒரு ஸ்டூலையும் போட்டுக் கொடுத்தார். ஆறு டெசராக்ட், 100 பக்கம், 7 நிமிடம் 25 விநாடி. இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் போடச் சொல்லி மறுபடி: 6 நிமிடம் 10 விநாடி. முதல் நிமிடம் 3.9 கிகாஹெர்ட்ஸில் நின்றது, அப்புறம் 3.6க்கு இறங்கி அங்கேயே நிலைத்தது, வெப்பம் 82. சின்னப் பெட்டிக்கு இது பரவாயில்லை. பக்கம் திருப்பும் நேரத்தையும் அங்கேயே மொபைலில் எடுத்தேன்: 1.2 விநாடி. பெட்டி 2018ன் ப்ராசசர்தான், ஆனால் டெசராக்டின் வெர்ஷன் தகவலைக் கேட்டால் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ என்ற, கணக்குகளை மொத்தமாகப் போடும் ப்ராசசர் வசதிகள் இரண்டையும் கண்டதாகச் சொன்னது. என் 3470ல் வெறும் ஏவிஎக்ஸ் மட்டும்தான். இந்த வேலைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். ஒரு தொகுதிக்கு 600 பக்கம், ஒவ்வொரு பக்கத்தையும் குறைந்தது மூன்று முறை திருப்புகிறேன், ஆக 1,800 திருப்பல். பழையதிலிருந்து 8500க்குப் போனால் திருப்பலுக்கு 1.7 விநாடி மிச்சம், தொகுதிக்கு 51 நிமிடம், 42 தொகுதிக்கு சுமார் 36 மணி நேரம். இது என் கண்ணும் முதுகும் உட்கார்ந்திருக்கும் நேரம். 8500லிருந்து 5600ஜிக்குப் போனால் இன்னும் 0.3 விநாடி, மொத்தமாக ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது ஸ்டிக்குக்கு 1,400 சேர்த்து 8500க்கு 17,900 ரூபாய். அந்த ஆறு மணி நேரத்துக்காக இன்னும் 12,900 கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் வீடியோ எடிட் செய்கிறவருக்கோ, பெரிய ப்ரோக்ராமை நாள் முழுக்க கம்பைல் செய்கிறவருக்கோ இந்தக் கணக்கு நேர்மாறாக வரும். அவர்கள் அந்த வேகத்துக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான் தூங்கிவிடுகிறேன்.

மின்சாரத்தையும் ப்ளக்கில் செருகும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பழையது சும்மா இருக்கும்போது 46 வாட், வேலையில் 96. 8500 சும்மா 15, வேலையில் 72. ஒரு தொகுதிக்கு மிச்சமாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான், முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

வாங்கியதில் ஒரு சறுக்கல். நான் சோதித்த பெட்டியும் வீட்டுக்கு வந்த பெட்டியும் ஒரே மாடல், ஆனால் ஒரே பெட்டி இல்லை. எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் தகவலை எடுத்துப் பார்த்தேன், எஸ்எஸ்டியின் தேய்மானம் 81 சதவீதம் என்று வந்தது. கடையில் நான் ப்ராசசரையும் ராமையும் அவ்வளவு நேரம் பார்த்தேனே தவிர, பென்டிரைவிலிருந்தே ஓட்டியதால் எஸ்எஸ்டியைத் தொடவே இல்லை. போன் செய்து படத்தை அனுப்பினேன், மறுபேச்சு இல்லாமல் வேறு எஸ்எஸ்டி அனுப்பினார்கள், தேய்மானம் 6 சதவீதம். ஆனாலும் நான்கு நாள் போயிற்று. அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் பெட்டியின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு, எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் தகவலையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, இந்த மாதிரி கம்பெனிப் பெட்டிகளின் பவர் சப்ளை அளவிலும் கனெக்டரிலும் தனி ரகம், தெருமுனைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. அதே மாடலுக்கான பழைய பவர் சப்ளை ஒன்றை அதே கடையில் 900 ரூபாய்க்கு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆக மொத்தம் 18,800.

பழைய 3470 இப்போது ஸ்கேனர் பக்கத்தில் இருக்கிறது, ஸ்கேன் செய்வது மட்டும் அதன் வேலை. 8500ல் ஒரு தொகுதி 40 நிமிடத்துக்குள் முடிவதால், முன்பு நான் யோசிக்காத ஒன்றை இப்போது செய்கிறேன். பன்னிரண்டாவது தொகுதியில் விளம்பரப் பக்கங்களில் இரண்டு பத்தியின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வந்திருந்தன. பக்க அமைப்பை எப்படிப் பிரிப்பது என்ற அமைப்பை மாற்றி, அந்தத் தொகுதியை ஒரே சாயங்காலத்தில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவதில் வரிகள் பிரிந்து நின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் முடித்த எட்டுத் தொகுதிகளையும் மறுபடி ஓட்டப் போகிறேன்.